பாகுபாடு காட்டினால் புகார் கொடுப்பது எப்படி? மாற்றுத்திறனாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி

என் தம்பிக்குத் தசைச்சிதைவு நோய். சக்கர நாற்காலியில்தான் கல்லூரிக்குப் போனான். வகுப்பு இரண்டாம் மாடியில். லிஃப்ட் இருந்தது, ஆனால் ஆசிரியர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். கேட்கப் போனால், "இவ்வளவு சிரமப்பட்டு எதுக்கு ரெகுலர் காலேஜ்? தபால்வழியில படிக்க வைக்கலாமே" என்று அறிவுரை சொன்னார்கள். கடைசியில் லிஃப்டும் திறந்தது, வகுப்பும் தரைத்தளத்துக்கு வந்தது. ஆனால் எந்தக் காகிதத்தை எங்கே கொடுக்க வேண்டும், எதற்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆளில்லாமல் நாங்கள் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. மற்ற மாநிலங்களிலும் சட்டம் இதுதான், அலுவலகப் பெயர்கள்தான் மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம் இருப்பது மட்டும் போதாது. நீங்கள் கேட்டதும் எழுத்தில் இருக்க வேண்டும், அவர்கள் மறுத்ததும் எழுத்தில் இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. நடந்தது சட்டப்படி பாகுபாடுதானா என்று பாருங்கள்

சட்டத்தின் பெயர் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. மனுவில் இந்தப் பெயரையும் ஆண்டையும் சரியாக எழுதுங்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தை மேற்கோள் காட்டும் பழைய மாதிரி மனுக்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சட்டம் இப்போது இல்லை.

திட்டுவது, கேலி செய்வது, வெளியே போகச் சொல்வது மட்டும்தான் பாகுபாடு என்று பலர் நினைக்கிறார்கள். பிரிவு 2(h) அதைவிட அகலமானது. உங்கள் நிலைக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று அது நேரடியாகவே சொல்கிறது. வகுப்பைக் கீழே மாற்ற மறுப்பது, பார்வைக் குறைபாடு உள்ள ஊழியருக்குத் திரைவாசிப்பு மென்பொருள் போட்டுத் தர மறுப்பது, காது கேளாதவரிடம் போனில் மட்டும்தான் பேசுவோம் என்று அடம்பிடிப்பது எல்லாமே இதில் வரும். ஏற்பாடு அந்த நிறுவனத்தின் தலையில் தாங்க முடியாத சுமையாக விழக்கூடாது என்ற ஒரு வரம்பு உண்டு. அதனால் கேட்பதைச் செய்யக்கூடியதாகக் கேளுங்கள்.

இங்கே நிறையப் பேர் சிக்கிக்கொள்ளும் இடம், சான்றிதழில் போடும் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் இருக்கிறதா என்பது. இடஒதுக்கீடு, பல உதவித் திட்டங்கள் ஆகியவற்றுக்குத்தான் 40 சதவீதமோ அதற்கு மேலோ வேண்டும். பாகுபாட்டிலிருந்து பாதுகாப்புக்கு அந்த வரம்பு கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவருக்கு, 40 சதவீதம் இல்லை என்பதைக் காரணம் காட்டித் தேர்வில் சொல்வதை எழுதுபவரை மறுக்க முடியாது என்பதுதான் தீர்ப்பு. "உனக்கு 40 இல்லையே" என்று யாராவது திருப்பி அனுப்பினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

தனியார் நிறுவனம் என்றாலும் தப்ப முடியாது. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் எல்லாம் பிரிவு 16க்குள் வருகின்றன. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அந்தக் கொள்கை எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அது இல்லை என்றால் அதுவே உங்கள் புகாரில் ஒரு பத்தி.

2. சான்றிதழும் அட்டையும் சரியாக இருக்கின்றனவா?

யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை, இன்னும் வாங்காதவர்கள் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், முகவரிச் சான்று, 6 மாதத்துக்குள் எடுத்த புகைப்படம் போதும். கட்டணம் இல்லை. யாராவது "முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு நீங்கள் வசிக்கும் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் பரிசோதனை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் நடத்தும் மருத்துவ முகாம்களிலும் பார்க்கலாம். முகாம் தேதியை அந்த அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டால் மருத்துவமனையில் ஒவ்வொரு பிரிவாக அலைவது மிச்சம்.

2024 அக்டோபரில் திருத்திய விதிகள்படி சான்றிதழ் தர 3 மாதம் வரை அவகாசம் உண்டு. விண்ணப்பித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகாமலே இருந்தால் 2 ஆண்டில் விண்ணப்பம் காலாவதியாகிவிடும். அட்டையின் நிறத்துக்கும் பொருள் இருக்கிறது: 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம்.

அட்டை கைக்கு வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் அதேபோல இருக்கின்றனவா? சான்றிதழ் தற்காலிகமானது என்றால் அது முடியும் தேதி என்ன? குறைபாட்டின் வகை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? விசாரணையின்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது இதைத்தான். சதவீதத்தைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் பிரிவு 59இன்படி மேல்முறையீடு செய்யலாம். தனியார் மருத்துவர் எழுதித் தரும் கடிதம் துணை ஆவணம்தான், சான்றிதழ் ஆகாது.

அட்டை இன்னும் வரவில்லை என்பதற்காக அடுத்த படியைத் தள்ளிப் போடாதீர்கள். விண்ணப்ப ஒப்புகையையும் மருத்துவ அறிக்கைகளையும் வைத்தே கடிதம் கொடுக்கலாம்.

3. முதல் கடிதம்: எல்லாம் இதில்தான் இருக்கிறது

புகாருக்கு முன்னால் கோரிக்கை வேண்டும். வாயால் பலமுறை கேட்டிருப்பீர்கள், அதற்குச் சாட்சி இல்லை. "அவர் எங்களிடம் கேட்கவே இல்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் நிறுவனத்தின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"ஐயா, நான் தங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். எனக்கு 80 சதவீத உடல் இயக்கக் குறைபாடு உள்ளது (அட்டை நகல், இணைப்பு 1). என் வகுப்பறை இரண்டாம் மாடியில் இருப்பதால் இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து ஒழுங்காக வகுப்புக்கு வர இயலவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 16இன்படி பின்வருவனவற்றில் ஒன்றைச் செய்து தருமாறு வேண்டுகிறேன். (அ) என் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுதல். (ஆ) வகுப்பு நேரம் முழுவதும் லிஃப்டைத் திறந்து வைத்து, நான் பயன்படுத்த அனுமதித்தல். நியாயமான ஏற்பாட்டை மறுப்பது பிரிவு 2(h)இன்படி பாகுபாடு என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தரவும்."

15 நாள் என்பது சட்டம் சொல்லும் கெடு அல்ல, நாமே வைப்பது. ஆனால் ஒரு தேதி இல்லாத கடிதத்துக்குப் பதிலே வராது. அதேபோல "வசதி செய்து தரவும்" என்று பொதுவாக எழுதினால் "ஆவன செய்யப்படும்" என்று பொதுவாகவே பதில் வரும். என்ன வேண்டும் என்பதைப் படிக்கிறவர் கண்முன் பார்க்கும்படி எழுதுங்கள். இரண்டு வழி கொடுத்தால் இன்னும் நல்லது. இரண்டையும் மறுக்கும்போது அவர்களுக்கு மனமில்லை என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு தபால் பிரிவுக்குப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் சீல், தேதி, கையெழுத்து மூன்றும் வாங்குங்கள். சீல் மட்டும் போட்டுத் தேதி போடாமல் கொடுப்பார்கள், நின்று கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் போனபோது கவுன்டரில் இருந்தவர் கடிதத்தை மேலோட்டமாகப் படித்தார். "சட்டம்" என்ற சொல்லைப் பார்த்ததும் இன்க் பேடை மூடிவிட்டு, "பிரின்சிபாலைப் பாத்துட்டு வாங்க" என்றார். அப்படிச் சொன்னால் அங்கே வாக்குவாதம் வேண்டாம். நேராகத் தபால் நிலையம் போய் விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டதால், கவுன்டரில் சேர்ப்பித்ததற்கான சான்றும் வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். இணையத்தில் "வழங்கப்பட்டது" என்று காட்டும் பக்கத்தையும் அன்றைக்கே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பதில் வந்தால் அது உங்கள் சான்று. வராவிட்டால் அந்த மௌனமே சான்று.

4. காத்திருக்கும் நாட்களில் சான்று சேருங்கள்

புகைப்படம் எடுங்கள், கூடவே ஒரு டேப்பை வைத்து அளந்து எடுங்கள். "சாய்தளம் சரியில்லை" என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். "1 அடி உயரப் படிக்கு 4 அடி நீளத்தில் சாய்தளம் போட்டிருக்கிறார்கள், விதிப்படி 12 அடியாவது வேண்டும்" என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. 2021ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் சாய்தளத்துக்குச் சொல்லும் உச்ச அளவு 1:12. கதவு குறைந்தது 900 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். என் தம்பி கல்லூரிக் கழிப்பறைக் கதவை அளந்தபோதுதான், அவன் ஏன் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று எங்கள் அம்மாவுக்குப் புரிந்தது. வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் மூலச் செய்தியும் அதே போனில் அழியாமல் இருக்கட்டும்.

அரசு நிறுவனம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். குறைதீர் அலுவலர் யார், சம வாய்ப்புக் கொள்கையின் நகல், கட்டடத்துக்கு அணுகல் தணிக்கை (மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்ற ஆய்வு) நடந்ததா என்ற மூன்றையும் கேளுங்கள். தனியார் கல்லூரிக்கு நேரடியாக இப்படி மனு போட முடியாது. ஆனால் அதை இணைத்திருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்திடம் அந்தக் கல்லூரியின் ஆய்வறிக்கை நகலைக் கேட்கலாம்.

5. எந்தக் கதவைத் தட்டுவது?

மாநில அரசு அலுவலகம், அரசுக் கல்லூரி என்றால் முதலில் அங்குள்ள குறைதீர் அலுவலரிடம் புகார் கொடுங்கள். பிரிவு 23இன்படி ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் ஒருவர் இருந்தாக வேண்டும். புகாரைப் பதிவேட்டில் ஏற்றி 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். திருப்தி இல்லை என்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம்.

தனியார் நிறுவனம், தனியார் பள்ளி கல்லூரி, குறைதீர் அலுவலரே நியமிக்காத அரசு அலுவலகம் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அலுவலகம் சென்னை காமராஜர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. நேரில்தான் போக வேண்டும் என்றில்லை, தபாலிலும் மனு அனுப்பலாம்.

ரயில்வே, தேசியமயமாக்கப்பட்ட வங்கி, மத்தியப் பல்கலைக்கழகம், மத்திய அரசுத் தேர்வு என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். மாநில ஆணையரிடம் கொடுத்தால் அதிகார வரம்பு இல்லை என்று பல வாரம் கழித்துத் திரும்பி வரும். இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே சரிபார்த்தால் இரண்டு மாதம் மிச்சமாகும்.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பதும், முதலமைச்சர் உதவி மைய எண் 1100க்கு போன் செய்வதும் நல்லதுதான். சாய்தளம், பஸ் நிறுத்தம் போன்ற ஊர்ப் பிரச்சினைகள் அதில் தீரவும் செய்யும். ஆனால் ஆணையரிடம் கொடுக்கும் மனுவுக்கு அவை மாற்று ஆகாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரும் அப்படித்தான். அவர் உதவித்தொகை, உபகரணம், அட்டை ஆகியவற்றைப் பார்க்கிறவர். உங்கள் வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறவர் அல்ல.

6. ஆணையருக்கு மனு

வக்கீல் கட்டாயமில்லை. தமிழில் எழுதலாம். உங்கள் பெயர், முகவரி, எதிர்த்தரப்பின் முழுப் பெயர், முகவரி, நடந்ததைத் தேதி வரிசையில் ஒரு விவரம், எந்தப் பிரிவுகள் மீறப்பட்டன, என்ன நிவாரணம் வேண்டும், இணைப்புப் பட்டியல். இவ்வளவுதான். ஒவ்வொரு பத்திக்கும் எண் போடுங்கள், பதில் தருகிறவர் எந்தப் பத்தியை விட்டுவிட்டார் என்று பின்னால் சுலபமாகக் காட்டலாம். எதிர்த்தரப்பாக ஒரு பேராசிரியரையோ மேனேஜரையோ மட்டும் போடாமல் நிறுவனத்தையே போடுங்கள். ஆள் மாறினாலும் வழக்கு நிற்கும்.

செலவு என்று பார்த்தால் தட்டச்சு, ஜெராக்ஸ், தபால். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மனு, இணைப்பு எல்லாவற்றையும் மூன்று செட் போடுங்கள். ஒன்று ஆணையருக்கு, ஒன்று எதிர்த்தரப்புக்கு, ஒன்று உங்களுக்கு. மூலச் சான்றிதழை எந்தக் காரணத்துக்காகவும் தபாலில் அனுப்பாதீர்கள்.

7. நோட்டீஸ், விசாரணை

மத்திய விதிகளின்படி எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது நோக்கம். நடைமுறையில் இதற்கு மேலும் இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள். மனு போய் ஒரு மாதமாகியும் சத்தமில்லை என்றால் கோப்பு எண்ணைக் கேட்டு ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்புங்கள்.

ஆணையருக்குச் சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்கும் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. நீங்கள் விசாரணைக்குப் போகாமல் இருந்தால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம். உடம்பு முடியாவிட்டால் முன்கூட்டியே எழுதித் தேதி மாற்றக் கேளுங்கள். சைகைமொழி பெயர்ப்பாளரோ காணொளி வழி விசாரணையோ வேண்டுமென்றால் அதையும் நோட்டீஸ் வந்த உடனே எழுத்தில் கேளுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் "பேசி முடிச்சுக்கலாம்" என்று போன் வரும். பேசலாம், தப்பில்லை. ஆனால் மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் செய்வதற்காகக் காத்திருக்காதீர்கள். என்ன செய்வோம், எந்தத் தேதிக்குள் என்று அவர்கள் எழுதித் தரட்டும். அதை ஆணையர் முன்னால் பதிவு செய்து, அதன் அடிப்படையில் முடித்து வைக்கச் சொல்லுங்கள்.

8. அவசரமென்றால் இந்த வரிசையில் காத்திருக்க வேண்டாம்

அடுத்த வாரம் தேர்வு, நாளைக்கு வேலைநீக்கம் என்ற நிலையில் ஆணையரை நம்பி உட்காராதீர்கள். இடைக்காலத் தடை விதிக்க ஆணையருக்கு அதிகாரம் இல்லை என்று பழைய சட்டத்தின் கீழ் 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு அமைப்புக்கு எதிராக என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. தென்மாவட்டக்காரர்களுக்கு மதுரைக் கிளை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 12இன்படி மாற்றுத்திறனாளிகளுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு போன் செய்யலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள அலுவலகத்துக்கு அட்டை நகலோடு போகலாம்.

பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், மிரட்டினால், அடித்தால் அது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 92இன் கீழ் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. இதற்கு காவல் நிலையம்தான் போக வேண்டும்.

அரசுப் பணியில் இருக்கும்போது விபத்தாலோ நோயாலோ மாற்றுத்திறனாளி ஆனவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும்போதே விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். பிரிவு 20(4)இன்படி உங்களை நீக்கவும் முடியாது, பதவி இறக்கவும் முடியாது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி ஒரு பணி இல்லை என்றால், கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும்.

9. உத்தரவு வந்த பிறகு

ஆணையர் தருவது பரிந்துரை. பிரிவு 81இன்படி அதைப் பெற்றவர்கள் 3 மாதத்துக்குள் செயல்பட்டு, செய்ததைத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை ஆணையருக்கும் உங்களுக்கும் எழுத வேண்டும். அந்த 3 மாதம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பரிந்துரையின் நகலோடு சட்ட உதவி வக்கீலைப் பாருங்கள். ஆணையரின் பரிந்துரை கையில் இருக்கும்போது உயர் நீதிமன்றத்தில் உங்கள் பேச்சுக்கு எடை கூடும். சட்டத்தை மீறியதற்கு பிரிவு 89இல் அபராதமும் இருக்கிறது: முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை.

கட்டட வசதி பற்றிய புகார் என்றால் 2024 நவம்பர் 8ஆம் தேதி ராஜீவ் ரத்தூரி வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். அணுகல் தரநிலைகள் வெறும் ஆலோசனையாக இருக்க முடியாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு அது.

கிடைத்த ஏற்பாடு நீடிக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருங்கள். கல்லூரி முதல்வர் மாறுவார், லிஃப்ட் சாவி வேறு ஒருவர் கைக்குப் போகும், சாய்தளத்தில் பைக்குகள் நிற்கும். அப்போது புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை. புகைப்படத்தையும் பழைய உத்தரவின் நகலையும் இணைத்து, மீறல் தொடர்ந்தால் பிரிவு 89இன் கீழ் நடவடிக்கை கோருவேன் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எங்களுக்கு லிஃப்ட் மறுபடி பூட்டப்பட்டபோது அந்தக் கடிதம் போன மறுநாளே திறந்துவிட்டார்கள்.